அத்தை ஏன் போட்டோவில் இல்லை?



போன மாதம் எங்கள் வீட்டில் அக்காவுக்கு வளைகாப்பு. அண்ணன்தான் போட்டோ எடுத்தான். அவனிடம் இருப்பது கேனான் 1500டி கேமராவும், அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸும்தான். எங்கள் கூடம் சின்னது. முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று எடுத்தும், வரிசையின் ஓரத்தில் நின்ற அத்தை படத்தில் விழவில்லை.

"பரவாயில்லப்பா, நான் எப்பவும் ஓரந்தானே" என்று அத்தை சிரித்தார். மாமா இறந்த பிறகு விசேஷங்களில் அவர் தானாகவே ஒதுங்கி நிற்பார். அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "ஒரு வைடு லென்ஸ் வாங்கியே ஆகணும்" என்றான்.

டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் 24 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் காட்டி, "இதுவும் வைடு ஆங்கிள்தான் தம்பி, விலையும் கம்மி" என்றார். அண்ணன் பணத்தை எடுத்துவிட்டான். "இருண்ணா, கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வாங்குவோம்" என்றேன் நான்.

கணக்கு இதுதான்

நாம் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான்! லென்ஸுக்கு முன்னால் ஒரு பெரிய முக்கோணம், பின்னால் ஒரு சின்ன முக்கோணம். சின்னதின் அடிப்பக்கம் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரின் அகலம். அதன் உயரம் லென்ஸில் போட்டிருக்கும் மி.மீ., அதாவது குவியத் தூரம்.

படத்தில் விழும் அகலம் = ஆள் நிற்கும் தூரம் × சென்சார் அகலம் ÷ குவியத் தூரம்

1500டி சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. எங்கள் கூடத்தில் தூரம் 3 மீட்டர். அப்படியானால்:

24 மி.மீ. லென்ஸ் – 2.8 மீட்டர்
18 மி.மீ. லென்ஸ் – 3.7 மீட்டர்
10 மி.மீ. லென்ஸ் – 6.7 மீட்டர்

பார்த்தீர்களா? கடைக்காரர் காட்டிய 'வைடு' லென்ஸ், கையில் இருப்பதைவிடக் குறுகல்! அவர் பொய் சொல்லவில்லை. பழைய ஃபிலிமில் ஒரு படச்சட்டத்தின் அகலம் 36 மி.மீ. அதில் 24 மி.மீ. லென்ஸ் 4.5 மீட்டர் காட்டும். நம் சென்சார் சின்னது என்பதால் அந்தப் பெயர் இங்கே பொருந்தாது.

எங்கள் வரிசையின் நீளம் 5 மீட்டர். 3 × 22.3 ÷ 5 = 13.4. ஆகவே 13 மி.மீ. அல்லது அதற்குக் கீழே வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க

1. 2014-ல் வந்த கேனான் இஎஃப்-எஸ் 10-18 இதற்குப் பொருந்தும். எடை 240 கிராம்தான். பழையது கிடைத்தால் செலவு குறையும். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கேமராவிலேயே மாட்டி ஃபோகஸ் ஆகிறதா என்றும் பாருங்கள்.

2. 2023-ல் ஆர்எஃப்-எஸ் 10-18 என்று ஒன்று வந்தது. எண் ஒன்றுதான், ஆனால் 1500டி-யில் மாட்டாது. ஏமாறாதீர்கள்!

3. லென்ஸ் முன்னால் திருகும் மலிவான 'வைடு கன்வெர்ட்டர்' வேண்டாம். நண்பனிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். ஓரமெல்லாம் மங்கல்.

4. ஆள் இல்லாத வீடு, கோயில் மண்டபம் என்றால் செலவே வேண்டாம். 18-லேயே பக்கம் பக்கமாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம்.

5. முதலில் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

நாங்களும் வாடகைக்குத்தான் எடுத்தோம், அக்கா மகனின் பெயர்சூட்டு விழாவுக்கு. அப்போது இன்னொன்று தெரிந்தது. வைடு லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபட்டு அகலமாகத் தெரியும். "அத்தை, ஓரத்துல நின்னா மூஞ்சி கோணிக்கும், நடுவுல வாங்க" என்றான் அண்ணன். அத்தை தயங்கினார். அக்காவே கையைப் பிடித்து இழுத்து, குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. லென்ஸ் இன்னும் வாங்கவில்லை, காசு சேர்க்கிறோம்.

செய்து பாருங்கள்: நம் வகுப்பறையில் 6 மீட்டர் தள்ளி நின்று 18 மி.மீ.-ல் எடுத்தால் எத்தனை மீட்டர் விழும்? விடையை அடுத்த இதழில் பாருங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவன்