பேர்கனுக்கு எப்போது போவது?

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் என் மாமா வேலை செய்கிறார். உம்மும்மாவைத் தன்னிடம் அழைத்து மூன்று வாரம் வைத்திருக்க அவருக்கு ஆசை. "உம்மாவோடு இன்னொருவரும் வரலாம். எந்த மாதம் என்று சொல்லுங்கள்" என்றார் தொலைபேசியில்.

"டிசம்பர்!" என்றேன் நான். பாடசாலை விடுமுறை, பனியும் பார்க்கலாம். மாமா சிரித்தார். "முதலில் படித்துப் பார் மகள். பிறகு சொல்லு."

எனவே படித்தேன். பேர்கன் ஏறக்குறைய வட அகலக்கோடு 60 பாகையில் இருக்கிறது. கிறீன்லாந்தின் தென்முனையும் அதே அளவு வடக்கில்தான். ஆனாலும் பேர்கன் துறைமுகம் மாரியில் உறைவதில்லை. வட அத்திலாந்திக் நீரோட்டம் கொண்டுவரும் வெப்பமும், கடலிலிருந்து வீசும் மேல்காற்றும் கரையைக் காக்கின்றன. ஜனவரியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும்; ஜூலையில் 15 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். ஆகவே நான் நினைத்த வெண்பனி டிசம்பரில் அங்கே நிச்சயமில்லை. மழைதான் அதிகம்.

அந்த மழைக்கும் காரணம் உண்டு. நகரைச் சுற்றி மலைகள். கடலின் ஈரக்காற்று அவற்றில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகப் பெய்கிறது. தென்மேல் பருவக்காற்று நமது மலைநாட்டில் பெய்விக்கும் அதே மலையியல் மழைதான். பேர்கனின் வருடாந்த மழைவீழ்ச்சி 2,000 மில்லிமீற்றருக்கும் அதிகம். செப்டெம்பர் முதல் ஜனவரி வரை அது கூடுதல். ஏப்ரல் முதல் ஜூன் வரை குறைவு.

அடுத்தது பகல் வெளிச்சம். நமக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல். பேர்கனிலோ டிசம்பர் பிற்பகுதியில் 6 மணி நேரமே; ஜூன் பிற்பகுதியில் 19 மணி நேரம்.

இவற்றை ஒரு தாளில் பருவம் பருவமாக எழுதினேன். மாரி: இருள், ஈரம், வழுக்கும் தெரு. ஜூலை, ஓகஸ்ட்: இதமான காலம், ஆனால் உல்லாசப் பயணிகளின் நெரிசல், அறை வாடகையும் அதிகம். இலையுதிர் காலம்: ஓயாத மழை. மே மாதம்: நீண்ட பகல், குறைந்த மழை, அண்மையிலுள்ள ஹார்டாங்கர் பகுதியில் அப்பிள் மரங்கள் பூக்கும் காலம், மலைப்பனி உருகுவதால் நீர்வீழ்ச்சிகளும் நிறைந்தோடும்.

உம்மும்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஈரமான கல் தெருவில் அவரால் நடக்க ஏலாது. 1979இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த பிறிக்கன் மரவீடுகளை அவர் ஆறுதலாக நடந்து பார்க்க வேண்டும். புளோயன் மலைக்கு ஏறும் கம்பிவட ரயிலில் போய், 320 மீற்றர் உயரத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டும். தாளில் மே மாதத்தைச் சுற்றி வட்டமிட்டேன்.

வட்டமிட்ட பிறகுதான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். மே மாதத்தில் எனக்குப் பரீட்சை. தாளை மடித்து வைத்துவிட்டு "ஓகஸ்ட்" என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு நாள் அந்தத் தாள் என் புத்தகத்துக்குள் இருந்தது. மூன்றாம் நாள் உம்மும்மா படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவதைக் கண்டேன். மாமாவுக்கு அழைத்து "மே" என்றேன்.

ஒரு நகரத்துக்கு நல்ல பருவம் எது என்று கேட்பவர்கள், யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வெப்பநிலை, மழை, பகலின் நீளம், செலவு ஆகிய நான்கையும் பாருங்கள். பிறகு போகிறவரின் கால்களையும் பாருங்கள்.

உம்மும்மாவோடு உம்மா போனார். அவர்களது பெட்டியில் நான் இரண்டு குடைகளை வைத்தேன். பேர்கனில் மே மாதத்திலும் மழை குறைவுதான், இல்லாமல் இல்லை.