பில் போட்ட அன்றைய விலை

அன்புள்ள தம்பி,

விழுப்புரம் மொத்த மருந்துக் கடையின் பில்லிங் மென்பொருளுக்காக நீ வரைந்து அனுப்பிய டேட்டாபேஸ் டேபிள்களை நிதானமாகப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் மருந்து டேபிளில் பெயர், கம்பெனி, எம்ஆர்பி, எக்ஸ்பைரி, இருப்பு எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைத்துவிட்டாய். அந்தக் கடையின் குடோனில் அரை நாள் நின்றாயானால் அது போதாது என்று உனக்கே தெரிந்துவிடும்.

ரேக்கில் பாராசிட்டமால் பெட்டி மூன்று இருக்கிறது என்று வைத்துக்கொள். மூன்றிலும் பேட்ச் எண் வேறு, எக்ஸ்பைரி வேறு, எம்ஆர்பியும் வேறாக இருக்கலாம். ஆகவே மருந்துக்கு ஒரு டேபிள், பேட்ச்சுக்கு இன்னொரு டேபிள். எக்ஸ்பைரியும் எம்ஆர்பியும் இருப்பும் பேட்ச்சைச் சேர்ந்தவை. அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும்தான் அச்சாகியிருக்கும்; அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும் என்பது விதி. 04/2027 என்றிருந்தால் 2027 ஏப்ரல் 30 என்று தேதியாகவே சேமித்துவை. வெறும் எழுத்தாக வைத்தால் வரிசைப்படுத்தும்போது 04/2027 முன்னாலும் 11/2026 பின்னாலும் வந்து நிற்கும். முதலில் காலாவதியாகும் சரக்கை முதலில் அனுப்ப வேண்டிய கடையில் அது நேரடி நஷ்டம்.

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று முதலாளியிடம் கேட்டால், “பில் போடணும், ஸ்டாக் தெரியணும்” என்றுதான் சொல்வார். அதற்கு மேல் பிரித்துச் சொல்வது அவர் வேலை இல்லை, நம் வேலை. நீ கேட்க வேண்டியது வேறு: எந்தக் கேள்விக்குப் பதில் தேடி நோட்டு நோட்டாகப் புரட்டியிருக்கிறீர்கள்? எந்தக் கேள்வி வந்தால் இரவு தூக்கம் வராது? அந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு, அவற்றுக்குப் பதில் சொல்லும்படி டேபிள்களை வரைய வேண்டும்.

மருந்து வியாபாரத்தில் அப்படி ஒரு கேள்வி 2025 அக்டோபரில் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து அது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சைச் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. இப்படி ஒரு அறிவிப்பு வரும் அன்று, மொத்த வியாபாரி முன்னால் நிற்பது ஒரே கேள்விதான்: இந்த பேட்ச் நம்மிடமிருந்து எந்தெந்தக் கடைக்குப் போனது? உன் பில் வரியில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால், அந்த மருந்து வாங்கிய கடைகளையெல்லாம் கூப்பிட்டு அலமாரியைத் தேடச் சொல்ல வேண்டும். பேட்ச் எண் இருந்தால், எந்தக் கடை, எத்தனை பாட்டில், போன் நம்பர் எல்லாம் ஒரு நிமிடத்தில் கைக்கு வரும். ஒரு ஃபீல்டு இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில் ஒரு குழந்தையின் உயிர் இருக்கலாம். நான் மிகையாகச் சொல்லவில்லை.

அடுத்து விலையும் வரியும். ஒரு செய்தியை ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று படித்திருப்பாய். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த பாடம் அது, சரியான பாடம். அதை நம்பித்தான் பில் வரியில் விலையையும் ஜிஎஸ்டி விகிதத்தையும் வைக்காமல், மருந்து டேபிளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாய். இங்கேதான் கவனம் வேண்டும். இன்றைய விலை ஒரு செய்தி, அன்று அந்தக் கடைக்குப் போட்ட விலை இன்னொரு செய்தி. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. உன் வடிவமைப்பில் அன்று மருந்து டேபிளில் 5 என்று மாற்றியிருந்தால், ஆகஸ்ட் மாத பில்லை மறுபடி அச்செடுக்கும்போது 5 சதவீதம் காட்டும். ஆகஸ்டில் விற்ற சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால், பழைய பில்லில் வசூலித்த விகிதத்திலேயே கிரெடிட் நோட் போட வேண்டும். அந்த விகிதம் எங்கே இருக்கும்? ஆகவே பில் வரியில் அன்றைய விலை, தள்ளுபடி, வரி விகிதம் மூன்றும் பதிவாகட்டும். ரிட்டர்ன் வரி எந்த பில்லின் எந்த வரியிலிருந்து வந்தது என்ற தொடர்பும் இருக்கட்டும்.

இருப்பையும் ஒரே எண்ணாக வைத்து, அதைக் கூட்டிக் குறைக்காதே. கொள்முதல், விற்பனை, ரிட்டர்ன், உடைசல், காலாவதி என ஒவ்வோர் அசைவும் தனி வரியாக எழுதப்படட்டும். அவற்றின் கூட்டல்தான் இருப்பு. கணக்கு உதைத்தால் எங்கே உதைத்தது என்று தேட அப்போதுதான் வழி இருக்கும். பத்துக்கு ஒன்று இலவசம் என்ற திட்டத்தில் குடோனிலிருந்து 11 போகும், பணம் 10-க்கு வரும். இலவச எண்ணிக்கைக்குத் தனி ஃபீல்டு வை.

சின்னவை சில. பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம், டெசிமல் போடு. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. விழுப்புரத்திலிருந்து பக்கத்துப் புதுச்சேரிக் கடைக்குச் சரக்கு போனாலும், எல்லை தாண்டுவதால் ஐஜிஎஸ்டி. கடையின் மாநிலத்தைத் தனியாகப் பதிந்துவை. போன் நம்பரை அடையாளமாக வைக்காதே, மாறிவிடும்.

கடைப் பெயர்களைத் தமிழிலும் வைக்கப்போவதாக எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் எழுத்துக் குறியாக்கத்துக்கு யூடிஎஃப்8எம்பி4 போடு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று அகப்படாமல் போகலாம். சேமிக்கும் முன்பே எல்லாவற்றையும், ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடு.

கோடு எழுதுவதற்கு முன் கடைக்கு ஒருமுறை போய் வா. ஒழுங்கான பில்கள் வேண்டாம். அடித்துத் திருத்திய பில், கேன்சல் ஆனது, ரிட்டர்ன் சீட்டு, ஓரத்தில் பேனாவால் ஏதோ குறித்தது, இவற்றைக் கேட்டு வாங்கு. பில் போடும் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உன் டேபிள்களில் காகிதத்திலேயே நிரப்பிப் பார். எங்கே எழுத இடமில்லாமல் பேனா நிற்கிறதோ அதையெல்லாம் குறித்து, புதுப் படத்தோடு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்