ஐஆர்சி அரட்டைக்கு எந்தக் கிளையன்ட்?

1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் உருவாக்கிய ஐஆர்சி என்னும் இணைய அரட்டை முறை எந்த ஒரு நிறுவனத்தின் செயலியோடும் கட்டுண்டதன்று என்பதால், சர்வருடன் இணைக்கும் மென்பொருளாகிய கிளையன்ட்டைத் தேர்வது பயனரின் பொறுப்பாகிறது. செய்திகளை மறையாக்கம் செய்து அனுப்பும் டிஎல்எஸ் இணைப்பை (பெரும்பாலும் 6697ஆம் போர்ட்) ஏற்படுத்தவும், இணையும் தறுவாயிலேயே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் எஸ்ஏஎஸ்எல் முறையைக் கையாளவும் இயலாத கிளையன்ட், தோற்றத்தில் எவ்வளவு அழகாயினும், ஒதுக்கத்தக்கதே. தொடர்ந்து பராமரிக்கப்படுகிறதா என்பதும் முக்கியம். பலர் விரும்பிய ஹெக்ஸ்சாட் என்னும் கிளையன்ட்டின் மேம்பாடு 2024இல் முடிவுற்றது. கட்டளைத் திரையில் பழகியோருக்கு வீசாட் என்னும் கிளையன்ட் மிகப் பொருத்தமானது.

தமிழில் உரையாடுவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐஆர்சியில் ஒரு செய்தி வரியின் உச்ச அளவு, அனுப்புநர் விவரம் உட்பட, வழக்கமாக 512 பைட். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'க' என்பதற்கு 3 பைட்டும் 'கொ' என்பதற்கு 6 பைட்டும் செலவாவதால், ஆங்கிலத்தைவிடத் தமிழ் வாக்கியம் விரைவில் எல்லையைத் தொட்டு, இறுதிப் பகுதி அறுபட்டுப் போகக்கூடும். ஆதலின் நீண்ட வரியைத் தானே பிரித்து அனுப்பும் கிளையன்ட்டையே தமிழர் தேர்ந்துகொள்ள வேண்டும்.