வீட்டிலிருந்து படித்த மகளுக்கு ஒரு விழா

கேள்வி: நோய் காரணமாகப் பாடசாலையை விட்ட என் மகள், வீட்டிலிருந்து படித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரத்தில் சித்தியடைந்துவிட்டாள். அவளுக்குப் பரிசளிப்பு விழா இல்லை. நாங்கள் என்ன செய்யலாம்?
- ஒரு தாய், துணுக்காய்

பதில்: அம்மா, முதலில் மகளுக்கு என் வாழ்த்து. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கும் வினாத்தாள் ஒன்றுதான். மணி அடித்து எழுப்ப ஆளில்லாமல், தானே நேரம் வகுத்துப் படித்தவளின் சித்தி பெரிது. அதைச் சபையறியக் கொண்டாடுங்கள்.

ஒரு பின்னேரம் குடும்பமாக வவுனிக்குளத்துக்குப் போங்கள். சிவன் கோயிலில் அவள் பெயரில் அர்ச்சனை செய்யுங்கள். பாலியாற்றை மறித்த அந்தக் குளக்கட்டில் வெயில் தாழ நடந்துவிட்டு, மல்லாவியில் அவள் விரும்பியதை வாங்கிக் கொடுங்கள். பாடம் சொல்லித் தந்தவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். அப்பப்பாவோ அம்மம்மாவோ எல்லோர் முன்னிலையிலும் பெறுபேற்றை வாசிக்கட்டும். செலவு சிறிதானாலும் அந்த மரியாதையை அவள் மறக்கமாட்டாள்.

அன்று மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் வேண்டாம். உயர்தரத்தையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். என்ன படிக்க விருப்பம் என்று அவளிடமே கேளுங்கள்.