ஒரே கோட், பல உடுப்பு

கேள்வி: ஒளிவிழாவுக்கு மகன் கணினியில் எழுதித் தந்த கெரோல் தாளில் மைனர் கோட்டுக்கு (chord) கழித்தல் அடையாளம் இருக்கிறது. ஓகன் வாசிக்கும் மாஸ்டரோ, சின்ன ‘எம்’ போட்டால்தான் விளங்கும் என்கிறார். ஏன் இத்தனை விதம்? மாற்ற முடியாதா?
– ஒரு வாசகர், அப்புத்தளை

பதில்: மகனும் பிழையில்லை, மாஸ்டரும் பிழையில்லை. கோட் வழக்கு (நீதிமன்றத்தைச் சொல்லவில்லை) ஆரம்பத்திலிருந்தே இழுபறிதான்.

1600ஐ ஒட்டி இத்தாலியில் அடிச்சுரத்தோடு வெறும் இலக்கங்களை எழுதினார்கள். மிச்சத்தை வாசிப்பவர் தன் கையால் நிரப்பிக்கொள்வார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் கொட்ஃபிரீட் வேபர் மேஜருக்குப் பெரிய எழுத்து, மைனருக்குச் சின்ன எழுத்து, டிமினிஷ்ட்டுக்குச் சிறு வட்டம் என்று வைத்தார். அந்த வட்டம் இன்றும் புழங்குகிறது. பிறகு அமெரிக்கப் பாட்டுத் தாள்களின் காலம். பதிப்பாளருக்கு ஒரு வழக்கம், ஜாஸ்காரருக்கு இன்னொன்று. மேஜர் செவன்துக்கு முக்கோணம், மைனருக்குக் கழித்தல் கோடு எல்லாம் ஜாஸ்காரர் கையில் புழங்கியவை. அவசரமாகக் கையால் எழுதுகிறவருக்கு ஒரு கோடு இழுப்பது சுகம்தானே! ஆனால் மங்கிய போட்டோக்கொப்பியில் அந்தக் கோடு மறைந்தால் மைனர் மேஜராகிவிடும். நான் மாஸ்டர் பக்கம்.

கார்ல் பிராண்ட், கிளின்டன் ரோமர் என்ற இருவர் இதையெல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவர 1976இல் புத்தகமே போட்டார்கள். உலகம் முழுதாகக் கேட்கவில்லை. ஆனாலும் 2016இல் வந்த டொரிகோ என்ற இசை எழுதும் மென்பொருளில் அவர்கள் முறை ஒரு தெரிவாக இருக்கிறது. டொரிகோவும் சிபேலியஸ் என்ற இன்னொரு மென்பொருளும் கோட்டின் பொருளை வேறாகவும் தோற்றத்தை வேறாகவும் வைத்திருப்பவை. அமைப்பில் ஓரிடத்தில் மாற்றினால் தாள் முழுக்க மாறும்.

இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் மென்பொருளின் குணம் வேறு. பொதுவாக நீங்கள் தட்டியதையே மதித்துக் காட்டும். கழித்தல் தட்டினால் கழித்தல், ‘எம்’ தட்டினால் ‘எம்’. ஆகவே மகன் அதில் எழுதியிருந்தால் திரும்பத் தட்டத்தான் வேண்டும். ஸ்டைல் பட்டியலில் கோட் பகுதிக்குப் போனால் ஜாஸ் கையெழுத்துத் தோற்றம், மைனரைச் சின்ன எழுத்தில் காட்டும் வேபர் பாணி, சுரப்பெயர்களை மாற்றும் வசதி எல்லாம் உண்டு.

அந்தச் சுரப்பெயர்களில் மட்டும் விளையாட வேண்டாம். முழு ஜேர்மன் முறையைத் தெரிவுசெய்தால் நம் ‘பி’ ‘எச்’ ஆகிவிடும். ‘பி’ என்று நிற்பது நம் ‘பி ஃபிளாட்’. பண்டாரவளைக்குக் கொப்பியடிக்கக் கொண்டுபோகுமுன் ஒரு தாளை மாஸ்டரிடம் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.