மழை குடித்த பால்கன்

கேள்வி: தாத்தா வாங்கிய 1962ஆம் ஆண்டு ஃபோர்ட் பால்கன் கார், வீட்டுக் கொட்டகையில் இருபது வருடமாக நிற்கிறது ஐயா. வலப்பக்க ஸ்டியரிங். கையால் சுற்றினால் எஞ்சின் சுற்றுகிறது. கராஜில் கேட்டால், "முதலில் ஸ்டார்ட் பண்ணுவோம், பிறகு பெயின்ட் அடிப்போம், உள்தகரத்தைக் கடைசியில் பார்ப்போம்" என்கிறார்கள். அப்படியே செய்யலாமா? (பேராதனை வாசகர்)

பதில்: வேண்டாம். அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். லொறிக்கும் பழைய ஜீப்புக்கும் இருப்பதுபோலப் பால்கனுக்குத் தனிச் செசி கிடையாது. தரைத் தகடும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அவை உக்கியிருந்தால், பளபளக்கும் பெயின்டுக்குள் கார் நடுவில் தொய்ந்து கதவு மூட மறுக்கும்.

முதலில் ஒரு வாளித் தண்ணீர் எடுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கும் இடத்தில், காற்று உள்ளே வருவதற்கான துவாரங்கள் இருக்கும். அவற்றின் அடியில் மூடிய ஒரு தகரப் பெட்டி. மழைநீர் அதற்குள் இறங்கி இரு ஓரத்தாலும் வடிந்து போக வேண்டும். மரத்தடியில் நின்ற வண்டியில் சருகு அந்த வடிகாலை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே ஊறி, கண்ணுக்குத் தெரியாமல் கறள் ஏறும். ஒருவர் டேஷ்போர்டின் அடியில் டோர்ச்சோடு படுத்துக்கொள்ள, மற்றவர் வெளியிலிருந்து மெதுவாக ஊற்றட்டும். சாரதியின் காலடியில் சொட்டினால் உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. பேராதனை மழைக்கு, சொட்டாத பால்கனைக் கண்டால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

அடுத்து டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்குங்கள். இந்தக் காரில் பெற்றோல் டாங்கியின் மேல்முகமே டிக்கியின் தரை. அது ஓட்டையானால் ஆவி நேரே பயணிகள் பக்கம் வரும். பழைய டாங்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யும் முன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண யாரையும் விடாதீர்கள். வெளித்தகட்டில் சிறு காந்தம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் முன்னொரு காலத்து டிங்கர் பாஸ் பூசிய பட்டி.

உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். 1959இன் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த பால்கன், மலிவான சிறு கார் வேண்டும் என்று ஃபோர்டில் வாதாடிய ரொபர்ட் மக்னமாராவின் பிள்ளை. (பிறகு வியட்நாம் யுத்தக் காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த அதே மக்னமாராதான்.) முதல் மொடல் ஆண்டிலேயே 4 இலட்சத்துக்கும் மேல் விற்றது. 1964இல் வந்த மஸ்டாங், பால்கனின் அடித்தளத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்ட கார். மஸ்டாங்குக்கு இன்றும் உலகெங்கும் பாகங்கள் செய்கிறார்கள். ஆறு சிலிண்டர் மஸ்டாங்கின் பாகங்கள் பல உங்களுக்கும் பொருந்தும். ஆனால் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் உங்களுடையது பெரும்பாலும் மெல்பேர்ன் பக்கத்தில், புரோட்மெடோஸ் தொழிற்சாலையில் பூட்டியதாக இருக்கும். அதனால் ஸ்டியரிங் பாகங்களை ஆஸ்திரேலியாவிலேயே தேடுங்கள். ஆரம்பகால ஆஸ்திரேலியப் பால்கன்களுக்குக் கரடுமுரடான பாதையில் முன்சில்லின் பந்து மூட்டு கழன்றுவிடும் என்ற கெட்ட பெயர் உண்டு. உங்களுடையதில் அவை எப்படி இருந்தாலும் புதிதாகவே போடுங்கள்.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு யோகம். ஆணிகள் அங்குல அளவு. ஜப்பான் கார் பார்க்கும் கராஜில் அந்தச் சாவிகள் இருக்காது, மொரிஸ் மைனர் பார்த்த பழைய பாஸ்மாரிடம் இருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி நின்றுபோய், 1977 வரை இருந்ததையே தட்டி ஒட்டி ஓட்டிய நாடு இலங்கை. அந்தக் கைகள் 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்துக்கே தகடு அடித்து அனுப்பின. அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். குரோமியம் பொரிந்துபோன கைப்பிடிகளுக்குப் பிலிமத்தலாவையில் கேட்டுப் பாருங்கள். அங்குள்ள பட்டறைகளில் மாதிரியைக் கொடுத்தால் பித்தளையில் வார்த்துத் தருவார்கள். மேலே முலாம் பூசிக்கொள்ளலாம்.

பிரேக்கைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓர் இடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. அமெரிக்கக் கார்களில் இரட்டைச் சுற்று பரவலானது 1967 மொடல்களில்தான். கடுகண்ணாவை இறக்கத்தை மனதில் வைத்து, இரட்டைச் சுற்றுள்ள மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுங்கள். அசல் தன்மை கெட்டுவிடும் என்பவர் உங்களோடு அந்த இறக்கத்தில் வரப்போவதில்லை.

பெயின்டைப் பெப்ரவரி, மார்ச்சுக்கு ஒதுக்குங்கள். ஈரக் காற்றில் அடித்த பூச்சு பால் படிந்ததுபோல வெளுத்துவிடும். நம்பர் தகட்டில் உள்ள சிங்கள ஸ்ரீயை மாற்றாதீர்கள். 1957இல் அந்த எழுத்து வந்தபோது தமிழர்களான நம்மவர்கள் எதிர்ப்பாக அதன்மேல் தார் பூசினார்கள். இன்று உங்கள் காரின் வயதுக்கு முதல் சாட்சி அதுதான்.

கேள்வி: என்னிடமும் ஒரு பால்கன் உண்டு. எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் போட்டால் செலவு குறையுமா? (கம்பளை வாசகர்)

பதில்: எண்ணெய்ச் செலவு குறையும். காரின் மதிப்பும் குறையும். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும். பால்கனின் ஆறு சிலிண்டர் எளிமையான யந்திரம். ஒரே எச்சரிக்கை, காற்றும் பெற்றோலும் போகும் மேனிபோல்ட் சிலிண்டர் ஹெட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அது வெடித்தால் முழு ஹெட்டையும் தேட வேண்டும்.

கேள்வி: ஈயமில்லாத பெற்றோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா? (மாத்தளை வாசகர்)

பதில்: இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றது. வால்வு அமரும் இடம் மெதுவாகத் தேயும், அதுவும் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். என்றாவது ஹெட்டைக் கழற்றினால், கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். 92 ஒக்டேன் போதும்.

கார்ப் படம் அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்முகத்தைப் படம் எடுத்தது போதும். காரை ஜாக்கியில் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.