ஒன்பதாவது கோளும் தேடாத வானமும்

"ஒன்பதாவது கோளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!" சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தச் செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2016 ஜனவரியில் கான்ஸ்டன்டின் பாடிகினும் மைக் பிரவுனும் முன்வைத்தது ஒரு கருதுகோள். நெப்டியூனுக்கு வெகு அப்பால் திரியும் ஆறு சிறு பொருட்களின் சுற்றுப்பாதைகள் ஒரே பக்கமாகத் திரண்டிருக்கின்றன, தற்செயலாக அப்படி அமைய வாய்ப்பு 0.007 சதவீதமே, அதனால் காணாத ஒரு கோள்தான் அவற்றைத் திரட்டியிருக்க வேண்டும் என்றார்கள்.

அந்த ஆறும் சிக்கின, சரி. மற்ற பக்கங்களில் எவ்வளவு தேடினார்கள்? பரபரப்பாகப் பகிர்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

கேட்டவர்கள் ஓசோஸ் என்ற வானியல் ஆய்வுக் குழுவினர். 2013 முதல் 2017 வரை ஹவாயின் 3.6 மீட்டர் தொலைநோக்கியால் 800-க்கும் மேற்பட்ட பொருட்களைக் கண்டவர்கள். அவர்களுடைய சர்வே சிமுலேட்டர், எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய கற்பனைப் பொருட்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. தொலைதூரச் சிறு பொருளான செட்னாவைப் போன்ற ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு கேமரா பார்த்த சதுரத்துக்குள் அது இருந்ததா? தெரியும் அளவுக்குப் பிரகாசமா? பிறகு பின்தொடர முடிந்திருக்குமா? ஒன்றில் தவறினாலும் கழிவுதான். இவை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பித்தான் தெரிகின்றன. தூரம் இரு மடங்கானால் பிரகாசம் 16-ல் ஒரு பங்காகிவிடும். அதனால் சூரியனை நெருங்கும்போது மட்டுமே சிக்கும். அந்த இடம் பால்வீதியின் நட்சத்திர நெரிசலில் அமைந்தால் அதுவும் போச்சு.

சமமாகப் பரவியவற்றை இந்தச் சல்லடையில் சலித்தாலும் சில பக்கங்களில் மட்டுமே அதிகம் மிஞ்சுகின்றன. ஓசோஸ் கண்ட எட்டு தொலைதூரப் பொருட்களும் சமப் பரவலுக்கு முரண்படவில்லை என்று 2017-இல் அறிவித்தார்கள். 2021-இல் மூன்று சர்வேக்களின் 14 பொருட்களைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே முடிவு.

"அப்படியானால் கோளே இல்லை" என்பதும் தவறு. திரட்சிக்குக் கோள் தேவைப்படவில்லை என்பது மட்டுமே இதன் பொருள். கோள் இருக்கிறது என்று பிரவுனும் பாடிகினும் இன்னும் வாதாடுகிறார்கள்.

"சிமுலேஷனில் வேண்டிய விடையை வரவழைக்கலாமே!" முடியாது. உண்மைப் படங்களில் போலிப் புள்ளிகளைப் பதித்து, தேடும் மென்பொருள் எத்தனையைப் பிடிக்கிறது என்று அளந்த கணக்குதான் உள்ளே போகிறது.

"ரூபின் வந்துவிட்டது, இனி இது எதற்கு?" அதற்கும் தேவைதான்: சிலியின் அந்த 8.4 மீட்டர் தொலைநோக்கிக்கென்றே சோர்ச்சா என்ற சிமுலேட்டர் எழுதப்பட்டிருக்கிறது.

உண்மையான குறை வேறு. கண்டதை உடனே அறிவிக்கிறார்கள். எங்கே பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைப் பலர் வெளியிடுவதில்லை. அந்தப் பதிவு இல்லாமல் வரும் கண்டுபிடிப்பைச் சிமுலேட்டருக்குள் சேர்க்கவே முடியாது. ஓசோஸ் பார்த்த திசைகளையும் பிடித்த விகிதத்தையும் மென்பொருளையும் பொதுவில் வைத்தது. மற்ற குழுக்களிடமும் ஆய்விதழ்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்: எந்த இரவு, எந்தத் திசை, எவ்வளவு மங்கல் வரை பார்த்தும் வெறும் வானமே இருந்தது என்ற பட்டியலை.